‘என்சைம் ஏறினா நல்லதுதானேம்மா?’: சேலம் நாட்டு மருந்துக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

செவ்வாய்ப்பேட்டையிலும் ஏற்காடு அடிவாரத்திலும் மலை மேலே ஏரிப் பக்கத்திலும் நாட்டு மருந்தும் மூலிகைப் பொடியும் கேப்சூலும் விற்கிற அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

வணக்கம். நான் சேலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 18 வருஷமாக வேலை பார்க்கிறேன். பயோகெமிஸ்ட்ரி படித்தவள். அதற்கும் முன்னால் உங்கள் கடைகளின் வாசனையில் வளர்ந்தவள். சுக்கு, திப்பிலி, அதிமதுரம், சித்தரத்தை எல்லாம் எங்கள் வீட்டு மாதச் சாமான் சீட்டில் அரிசி பருப்போடு சேர்ந்தே வரும். பாட்டிக்குக் கூடவே போய், கடைக்காரர் மர டப்பாவைத் திறந்து பேப்பரில் மடித்துக் கொடுப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பேன். அதனால் மூலிகையே கூடாது என்று சொல்ல வந்த ஆள் நான் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் மடலை மடித்து வைத்துவிடாதீர்கள்.

என்னை எழுத வைத்தது ஒரு கேள்வி. ‘என்சைம் ஏறினா நல்லதுதானேம்மா, கல்லீரல் நல்லா வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?’ எங்கள் அம்மா சாப்பிட்ட கேப்சூலை விற்றவர் என்னிடம் கேட்டது அது. அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அம்மாவும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு வயது 58. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்து, ஆபரேஷன் ஆகி, கீமோவும் முடிந்து, அது திரும்பி வராமல் இருக்க இப்போது தினமும் டாமாக்சிஃபென் மாத்திரை போடுகிறார். இந்த நோய் வந்துபோன வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும், நோய் போனாலும் பயம் போகாது. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு அக்குள் பக்கம் கையை வைத்து ஏதாவது தட்டுப்படுகிறதா என்று அம்மா தடவிப் பார்ப்பதை நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்தோடுதான் கடைக்குப் போனார். வெள்ளை டப்பா, பச்சை மூடி, மேலே மஞ்சள் கிழங்குப் படம். ஒரு கேப்சூலில் மஞ்சள் சாறு 500 மில்லிகிராம், மிளகுச் சாறு 5 மில்லிகிராம். உள்ளே நாலாக மடித்த ஒரு துண்டுச் சீட்டு. கல்லீரல் என்சைம்களைத் தூண்டும், நச்சை வெளியேற்றும், புற்றுநோய் வராமல் தடுக்கும், பக்கவிளைவு கிடையாது என்று அதில் இருந்தது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று ஏழு வாரம் சாப்பிட்டார். என்னிடம் சொல்லவில்லை, சொன்னால் திட்டுவேன் என்று.

ஏழாவது வாரம் உடம்பெல்லாம் அரிப்பு. சோற்றைப் பார்த்தாலே குமட்டல். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது என்று ஒரு நாள் மெல்லச் சொன்னார், அன்றைக்கே நானே ரத்தம் எடுத்தேன். ரத்தக் குழாயை மெஷினில் வைத்துச் சுழற்றி எடுத்தால் சிவப்பு அடியில் தங்கி, மேலே சீரம் தெளிவாக நிற்கும். நல்ல உடம்பில் அது வைக்கோல் ஊறிய தண்ணீர் மாதிரி வெளிர் மஞ்சளாக இருக்கும். அம்மாவின் குழாயில் நல்லெண்ணெய் மாதிரி நின்றது. நம்பர் வருவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான்கு மாதத்துக்கு முன்னால் 38 இருந்த எஸ்ஜிபிடி 486-க்குப் போயிருந்தது. காமாலையைக் காட்டுகிற மஞ்சள் நிறப்பொருளான பிலிருபினும் ஏறி 4.2 இருந்தது.

ரிப்போர்ட்டை அம்மாவிடம் காட்டி, எஸ்ஜிபிடி ஏறியிருக்கிறது, அது கல்லீரல் என்சைம் என்று சொன்னேன். அம்மா முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. உள்ளே போய் டப்பாவை எடுத்து வந்து அந்தச் சீட்டைக் காட்டி, ‘இதுல போட்டிருக்கிற மாதிரியே ஏறியிருக்கு பாரு’ என்றார். அந்த நிமிஷத்தை என்னால் மறக்க முடியவில்லை.

சரி, இந்த ‘என்சைம்’ குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம், ஏனென்றால் உங்கள் சீட்டுகளில் பாதி இந்த ஒரு வார்த்தையின் மேல்தான் நிற்கிறது. லேப் ரிப்போர்ட்டில் வருகிற எஸ்ஜிபிடியும் எஸ்ஜிஓடியும் கல்லீரல் செல்லுக்கு உள்ளே இருந்து வேலை செய்ய வேண்டியவை. செல் காயப்பட்டு உடைந்தால் அவை ரத்தத்தில் கசியும், அதைத்தான் நாங்கள் அளக்கிறோம். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்கு உள்ளே இருக்க வேண்டிய வெள்ளியும் அச்சும் தெருவில் இறைந்து கிடந்தால், பட்டறையில் வேலை மும்முரம் என்றா நினைப்பீர்கள்? சுவர் இடிந்துவிட்டது என்று ஓடுவீர்கள். எஸ்ஜிபிடி ஏறுவது அதுதான்.

சீட்டு எழுதியவர்கள் சொல்லும் என்சைம்கள் வேறு. உடம்புக்குள் வரும் மருந்து, நச்சு, புகை எல்லாவற்றையும் பக்குவப்படுத்தி வெளியே அனுப்புகிற என்சைம்கள் கல்லீரலில் இருக்கின்றன. அதில் இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் சைட்டோகுரோம் பி450 என்ற குடும்பம், வந்த பொருளை உரசி, உடைத்து, அதன் குணத்தை மாற்றும். இரண்டாம் கட்டத்தில் குளுட்டாதையோன் டிரான்ஸ்ஃபரேஸ் மாதிரியான என்சைம்கள் அதன் மேல் ஒரு பொருளை ஒட்டி, தண்ணீரில் கரைய வைத்து, பித்தத்திலோ சிறுநீரிலோ தள்ளிவிடும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சில பொருள்கள் முதல் கட்டத்தில்தான் விஷமாகவே மாறுகின்றன. பூசணம் பிடித்த கடலையில் வருகிற அஃப்லாடாக்சின் அப்படித்தான். கல்லீரலின் முதல் கட்ட என்சைம் அதைத் தொட்ட பிறகுதான் அது டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொள்கிற பொருளாகிறது, இரண்டாம் கட்ட என்சைம் பிடித்தால் தப்பிக்கலாம். ஆகவே ‘கல்லீரல் என்சைமைத் தூண்டும்’ என்று மொட்டையாகச் சொன்னால் அது நல்லதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. எந்த என்சைமை, எவ்வளவு, எந்த நச்சு உள்ளே இருக்கும்போது என்று கேட்டே ஆக வேண்டும்.

மூலிகைச் சாறுகள் இந்த என்சைம்களை மாற்றுவது உண்மை. நம் நாட்டிலேயே நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வெள்ளெலிகளின் கன்னப் பையில் புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனத்தைத் தடவி, வேப்பிலைச் சாறு கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சாறு கொடுத்தவற்றில் கட்டிகள் குறைந்தன, இரண்டாம் கட்ட என்சைம்கள் கூடின. நல்ல வேலை, நான் படிக்கும்போது ஆசையாகப் படித்தது. ஆனால் அங்கே எலிக்கு என்ன ரசாயனம், எந்த நாளில், எத்தனை மில்லிகிராம், சாறு எடை கணக்கில் எவ்வளவு என்று எல்லாமே அளந்து செய்தது. கூண்டில் இருக்கிற எலி வேறு மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை. எங்கள் அம்மா சாப்பிட்டார்.

மனிதர்களிடம் பார்க்கும்போது கணக்கு எப்படி மாறும் என்பதற்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. கேரட், கீரை நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது என்று பார்த்து, அதில் இருக்கிற பீட்டா கரோட்டினை மாத்திரையாக்கி ஃபின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பவர்களைச் சேர்த்துச் சோதித்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் நடந்த இன்னொரு சோதனையை 1996-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள், அங்கே 28 சதவீதம் கூடுதல். கேரட் கெட்டதாகிவிடவில்லை. அதிலிருந்து ஒரு பொருளை மட்டும் பிரித்து, சாப்பாட்டில் ஒருநாளும் வராத அளவுக்கு ஏற்றிக் கொடுத்தபோது அது வேறு பொருளாகிவிட்டது.

இதைத்தான் மஞ்சளிலும் பார்க்க வேண்டும். ‘மஞ்சள் தினமும் குழம்பில் போடுறோமே, அதுல என்னம்மா ஆயிரும்’ என்று அந்தக் கடைக்காரரும் கேட்டார். மஞ்சளில் வேலை செய்கிற முக்கியப் பொருள் குர்குமின். நம் மஞ்சள் தூளில் அது ஏறக்குறைய நூற்றுக்கு 3 பங்கு. கடையில் விற்கிற சாறு கேப்சூலில் 95 பங்கு வரை இருக்கும். 500 மில்லிகிராம் கேப்சூல் ஒன்றில் இருக்கிற குர்குமினைத் தூளாகச் சாப்பிட வேண்டுமென்றால் 15 கிராமுக்கு மேல் வாயில் போட வேண்டும். இரண்டு கேப்சூலுக்கு 30 கிராமுக்கு மேல். எந்தக் குழம்பில் அவ்வளவு மஞ்சள் போடுவோம்? இது போதாதென்று மிளகுச் சாறு. குர்குமின் சாதாரணமாக ரத்தத்தில் சேருவதே கம்மி. கல்லீரலும் குடலும் உடனே பிடித்து வெளியே தள்ளிவிடும். மிளகில் இருக்கிற பைப்பரின் அந்தத் தள்ளுகிற என்சைம்களைத் தடுத்துவிடுகிறது. பெங்களூரில் 1998-ல் வெளியான ஆராய்ச்சியில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்துக் கொடுத்தபோது உடம்பில் சேர்ந்த அளவு 20 மடங்கு ஆனது. அதை வைத்துத்தான் உலகம் பூராவும் மஞ்சள் கேப்சூலில் மிளகு சேர்க்கிறார்கள். சளிக்கு இரண்டு நாள் மஞ்சளும் மிளகும் தட்டிப் போட்டுப் பால் குடிப்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பைப் பதிவு செய்கிற ஒரு வலையமைப்பு இருக்கிறது. மஞ்சள் கேப்சூலால் கல்லீரல் பாதித்த 10 பேரைப் பற்றி அவர்கள் 2022-ல் எழுதினார்கள். பத்து பேரும் 2011-க்குப் பிறகு வந்தவர்கள். ஒருவர் இறந்துபோனார். பத்தில் 7 பேருக்கு எச்.எல்.ஏ-பி 35:01 என்ற ஒரே மரபணு வகை இருந்தது. அப்படியென்றால் லட்சம் பேர் சாப்பிட்டு ஒன்றும் ஆகாமல் போகலாம், அந்த வகை உள்ள ஒருவருக்குக் காமாலை வரலாம். யார் அந்த ஒருவர் என்று கல்லாவில் உட்கார்ந்து பார்த்தால் தெரியாது. 2023-ல் ஆஸ்திரேலியாவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் மஞ்சள் மாத்திரைகளைப் பற்றி எச்சரிக்கை விட்டது. இத்தாலியில் அதற்கு முன்னாலேயே பேச்சு கிளம்பிவிட்டது. மஞ்சள் நம்முடையது, பக்கத்து ஈரோட்டிலும் இங்கே லீ பஜாரிலும் மூட்டை மூட்டையாக ஏலம் போகிற பொருள், அதைப் பற்றி எங்கோ இருக்கிறவர்கள் கவனமாக எழுதி வைத்திருக்கும்போது நாம் வெறும் படத்தை மட்டும் ஒட்டி விற்பது எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

எனக்கு இன்னும் அதிகமாக வலித்த விஷயம் வேறு. டாமாக்சிஃபென் அப்படியே வேலை செய்கிற மருந்து கிடையாது. கல்லீரல் என்சைம்கள் அதை எண்டாக்சிஃபென் என்ற பொருளாக மாற்ற வேண்டும், அதுதான் புற்றுநோய் செல்லைத் தடுக்கிறது. 2019-ல் நெதர்லாந்தில் 16 பெண்களிடம் பார்த்தார்கள். குர்குமினும் பைப்பரினும் சேர்த்துச் சாப்பிட்டபோது ரத்தத்தில் எண்டாக்சிஃபென் சுமார் 12 சதவீதம் குறைந்தது. பெரிய குறைவு இல்லை என்று தோன்றலாம். ஏற்கெனவே அளவு ஓரத்தில் நிற்கிற ஒருத்திக்கு அது போதும். புற்றுநோய் திரும்பி வரக் கூடாது என்று காசு கொடுத்து வாங்கிச் சாப்பிட்ட கேப்சூல், அது திரும்பி வராமல் காக்கிற மருந்தையே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டிருந்திருக்கலாம். ஏழு வாரம்.

மூலிகைக்குப் புற்றுநோயில் சக்தியே இல்லை என்றால் நான் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. நம் வீட்டு வாசலில் பூக்கிற நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின் வருகிறது, ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அதைப் போட்டுத்தான் பிழைக்க வைக்கிறார்கள். ஒரு வேளைக்குப் பெரும்பாலும் 2 மில்லிகிராமுக்கு மேல் போட மாட்டார்கள். அதை வெளியேற்றுவதும் கல்லீரலின் அதே பி450 என்சைம்தான். அந்தச் சமயத்தில் பூஞ்சைக்குக் கொடுக்கிற சில மருந்துகள் என்சைமைத் தடுத்துவிட்டால், மருந்து உடம்பில் தங்கிக் கை கால் நரம்பைக் கெடுத்துவிடும் என்று டாக்டர்கள் அவ்வளவு பயப்படுகிறார்கள். செடியிலிருந்து வந்த மருந்து என்பதால் யாரும் அங்கே அலட்சியமாக இருப்பதில்லை. வேலை செய்கிற பொருளுக்கு அளவு வேண்டும், கூட என்ன போகிறது என்று தெரிய வேண்டும். உங்கள் கடையில் இருக்கிற சரக்கும் வேலை செய்கிறது என்று நீங்கள் நம்பினால், அதே மரியாதையை அதற்கும் கொடுங்கள்.

காமாலை என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் கீழாநெல்லிதான் ஞாபகம் வரும். வேரோடு பிடுங்கி அரைத்து மோரில் கலக்கி வெறும் வயிற்றில் குடிப்பதை நானும் செய்திருக்கிறேன். 1988-ல் சென்னையில் செய்த ஆராய்ச்சி ஒன்று லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. ஹெப்படைட்டிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களில் 37 பேருக்குக் கீழாநெல்லி கொடுத்ததில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்தது, வெறும் மாத்திரை கொடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. நமக்கெல்லாம் எவ்வளவு பெருமை! ஆனால் மற்ற இடங்களில் திரும்பச் செய்தபோது அதே பலன் வரவில்லை. செடி வகை வேறா, பறித்த பருவம் வேறா, முதல் முடிவே தற்செயலா என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். இன்னொன்றும் நினைவில் வைக்க வேண்டும். கெட்ட தண்ணீரால் வருகிற ஹெப்படைட்டிஸ் ஏ காமாலை, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்தில் தானாகவே இறங்கிவிடும். அந்த வாரங்களில் என்ன குடித்தோமோ அதற்குப் பேர் கிடைத்துவிடும்.

சீந்தில் கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கொரோனா சமயத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று வீட்டுக்கு வீடு குடித்தார்கள். 2021-ல் மும்பை டாக்டர்கள், சீந்தில் சாப்பிட்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதித்ததை எழுதினார்கள். அடுத்த வருஷம் 13 மருத்துவ மையங்களிலிருந்து 43 பேரைப் பற்றிய தொகுப்பு வந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்குகிற வகைப் பாதிப்பு அவர்களில் பலருக்கு இருந்தது. ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை, செடியைச் சரியாக அடையாளம் கண்டார்களா, அதே இனத்து வேறு கொடியாக இருக்கலாமே என்று கேட்டது. யார் பக்கம் சரி என்பது இருக்கட்டும். அமைச்சகம் கேட்ட கேள்வியையே நான் உங்களிடம் கேட்கிறேன். உங்கள் கடைக்குப் பொடியாக வருகிற சரக்கு எந்தச் செடி என்று உங்களால் சொல்ல முடியுமா?

சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடிப் பெரியவர்கள் காட்டில் ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தே பேர் சொல்லிவிடுவார்கள். பொடியான பிறகு யாராலும் முடியாது. இது சின்ன விஷயம் இல்லை. தேள்கொடுக்கு என்று ரோட்டோரத்தில் தேளின் வால் மாதிரி பூங்கொத்து சுருண்டு நிற்குமே, புண்ணுக்கு வைத்துக் கட்டுவார்கள். அதில் பைரோலிசிடின் என்ற வகை ஆல்கலாய்டு, அதாவது செடியே உண்டாக்குகிற ஒரு ரசாயனம், இருக்கிறது. உள்ளுக்குச் சாப்பிட்டால் கல்லீரலின் முதல் கட்ட என்சைமே அதை விஷமாக மாற்றி, கல்லீரலுக்குள் இருக்கிற நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைத்துவிடும். வயிறு வீங்கிப் போகும். 1970-களில் அப்போதைய மத்தியப் பிரதேசத்தின் சர்குஜாவில், இதே வகை ஆல்கலாய்டு உள்ள கிலுகிலுப்பைச் செடியின் விதை சிறுதானியத்தில் கலந்துவிட்டதால், சாப்பிட்ட கிராமங்களில் பலர் இப்படி வயிறு வீங்கிச் செத்துப்போனார்கள். அவர்கள் சாப்பிட்டது மருந்துகூட இல்லை, அன்றாடச் சாப்பாடு. என்சைமைத் தூண்டுவது என்றாலே நல்லது என்று நினைப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் எல்லாக் காமாலைக் கிருமி டெஸ்டும் பார்த்தார், எதுவும் இல்லை. ஸ்கேனில் கல் இல்லை, அடைப்பு இல்லை. கேப்சூலை நிறுத்தினோம். டாமாக்சிஃபெனையும் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தார்கள், அதுவும் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும் என்பதால். பத்து வாரத்தில் எஸ்ஜிபிடி 44-க்கு இறங்கியது. டாமாக்சிஃபெனைத் திரும்ப ஆரம்பித்த பிறகும் ஏறவில்லை. அதனால்தான் கேப்சூல் என்று முடிவுக்கு வந்தார் டாக்டர். அந்த டப்பாவை எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன், சண்டை போடுவது என்று முடிவோடுதான் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் எழுந்து நின்றுவிட்டார். அந்த என்சைம் கேள்வியைக் கேட்டார், நான் சொன்ன பதிலைக் கேட்டுக்கொண்டார், அப்புறம் ‘எனக்கு இதெல்லாம் யாருமே சொல்லலியேம்மா’ என்றார். உண்மைதான். யாரும் சொல்லவில்லை. கம்பெனி ஆள் டப்பாவையும் சீட்டையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், அவ்வளவுதான்.

அதனால் நான் சொல்கிறேன், கேட்கவும் செய்கிறேன். யாராவது கேப்சூலோ சூரணமோ சாறோ கேட்டு வந்தால், எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் ‘வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க, காமாலை எப்பவாச்சும் வந்திருக்கா’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கீமோ, புற்றுநோய் மாத்திரை, வலிப்பு மாத்திரை, டிபி மாத்திரை என்று பதில் வந்தால், டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்க என்று திருப்பி அனுப்புங்கள். வலிப்பு மருந்தின் அளவையும் டிபி மருந்தின் அளவையும் பைப்பரின் மாற்றும் என்பது பழைய செய்தி. ஒரு விற்பனை போகும், தெரிகிறது. பொடியை மடித்துக் கொடுக்கிற பேப்பரில் பேனாவால் செடியின் பேர், வேரா இலையா, எத்தனை கிராம், என்ன தேதி என்று எழுதிக் கொடுங்கள். ஆஸ்பத்திரியில் ‘என்ன சாப்பிட்டீங்க’ என்று கேட்கும்போது ‘ஏதோ பொடி’ என்று சொல்லி நிற்கிற குடும்பங்களை நான் வாரத்துக்கு ஒரு தடவை பார்க்கிறேன். அந்த ஒரு பேப்பர் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

‘புற்றுநோயைத் தடுக்கும்’ என்கிற வரியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். போர்டில் இருந்தாலும், சீட்டில் இருந்தாலும், வாட்ஸ்அப்பில் அனுப்புகிற படத்தில் இருந்தாலும். 1954-ஆம் வருஷச் சட்டமே புற்றுநோயைக் குணமாக்கும், தடுக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. சட்டத்துக்காகச் சொல்லவில்லை, அந்த வரியைப் படிக்கிறவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். ராத்திரி இருட்டில் அக்குளைத் தடவிப் பார்க்கிற ஒருத்தி அவள்.

டாக்டர்களில் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று. நாட்டு மருந்து என்றதும் கத்தாதீர்கள். கத்துவதால்தான் எங்கள் அம்மா மாதிரி ஆட்கள் மறைக்கிறார்கள், அம்மா என்னிடம் மறைத்ததும் அதே காரணத்தால்தான். என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

‘அப்ப கல்லீரலுக்கு எதைத்தாம்மா சொல்றது’ என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்வதற்கு நிறைய இருக்கிறது. கல்லீரல் புற்றுநோயைத் தடுக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தது ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி. தைவானில் 1984-ல் கிருமி உள்ள தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளுக்கும், 1986-லிருந்து எல்லாக் குழந்தைகளுக்கும் போட ஆரம்பித்து, பிறகு பார்த்தபோது பிள்ளைகளுக்கு வருகிற கல்லீரல் புற்றுநோய் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. நம் அரசு ஆஸ்பத்திரிகளில் குழந்தை பிறந்ததுமே காசில்லாமல் போடுகிறார்கள். பிரசவச் சாமான் வாங்க உங்களிடம்தானே வருகிறார்கள், ‘பிள்ளைக்கு ஊசி போட்டாச்சா’ என்று நீங்கள் கேட்டால் கேட்பார்கள். கடலை விற்கிறவர்கள் பூசணம் பிடித்ததை, சுருங்கிக் கறுத்த பருப்பைப் பொறுக்கிப் போட்டுவிடுங்கள், எண்ணெய்க்கு ஆட்டவும் கொடுக்காதீர்கள். குடிக்கிறவர்களிடம் ‘சாராயத்தை விடாம இந்தப் பொடி மட்டும் கல்லீரலைக் காப்பாத்தாது’ என்று நேராகச் சொல்லுங்கள்.

அப்புறம் காப்பி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் கொண்டுவந்து நட்டது, இன்றைக்கு மலை பூராவும் சில்வர் ஓக் நிழலில் மிளகுக் கொடிக்குக் கீழே நிற்கிறது. பால், சர்க்கரை எதைப் பற்றியும் நான் பேசவில்லை, காப்பியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். காப்பி குடிக்கிறவர்களுக்கு எஸ்ஜிபிடி மாதிரி கசிகிற என்சைம்கள் குறைவாக இருக்கின்றன. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2016-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, காப்பிக்கும் கல்லீரல் புற்றுநோய் குறைவதற்கும் தொடர்பு தெரிகிறது என்றது. அதுகூட மக்களைக் கவனித்துச் சொன்ன தொடர்புதான், மருந்தாகக் கொடுத்துச் சோதித்தது கிடையாது. ஆனாலும் வருஷக்கணக்காகக் கோடிக்கணக்கான பேர் குடித்துப் பார்த்த ஒரு செடிச் சாறு அது. நம் மலையிலேயே விளைகிறது.

நான் ஒரு அட்டை தயார் செய்து வைத்திருக்கிறேன். ‘நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளை எங்களிடம் சொல்லுங்கள். அரிப்பு, கண் மஞ்சள், சிறுநீர் கறுப்பாகப் போவது, சாப்பாடு பிடிக்காமல் போவது, இதில் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு, டப்பாவோடு டாக்டரிடம் போங்கள்’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். என் செலவிலேயே அடித்துத் தருகிறேன், கல்லாவுக்குப் பக்கத்தில் மாட்டினால் போதும். அம்மாவுக்கு மாத்திரை விற்ற அண்ணன் முதல் அட்டையை வாங்கி மாட்டிவிட்டார். போன வாரம் ஒருவர் மஞ்சள் கேப்சூல் கேட்டு வந்தாராம், வேற என்ன மாத்திரை என்று இவர் கேட்டிருக்கிறார், மனைவிக்குக் கீமோ நடக்கிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். விற்காமல் அனுப்பிவிட்டேன் என்று எனக்குப் போன் பண்ணிச் சொன்னார். இந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் 40 அட்டையோடு செவ்வாய்ப்பேட்டைக்கு வருகிறேன், அதற்கு அடுத்த ஞாயிறு ஏற்காடு.

அன்புடன்,
சேலத்திலிருந்து உங்கள் தங்கை